கீழே வைக்க முடியாத புத்தகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"விறுவிறுப்பாக ஒரு புத்தகம் சொல்லுங்கள்" என்று என்னிடம் கேட்பவர்கள் பல வகையினர். சிலர் பள்ளி நாட்களுக்குப் பிறகு புத்தகத்தைத் தொடாதவர்கள். சிலர் துப்பறியும் கதைகளைத் தவிர வேறெதையும் படிக்காதவர்கள். இன்னும் சிலர் எல்லாவற்றையும் படித்துவிட்டு, இரவு முழுவதும் விழித்திருந்து படித்த அந்தப் பழைய அனுபவம் மீண்டும் வாய்க்காதா என்று ஏங்குபவர்கள். அவர்கள் கேட்ட கேள்விகளையும், பல ஆண்டுகளாக நான் சொல்லி வரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். குறிப்பிட்டுள்ள நூல்கள் அனைத்தையும் நான் படித்திருக்கிறேன். பலவற்றை ஒரு முறைக்கு மேல் படித்திருக்கிறேன்.

விறுவிறுப்பான புத்தகம் என்று எதைச் சொல்கிறீர்கள்? வேகமாக நகரும் கதையையா?

வேகம் அதில் ஒரு பகுதிதான். விக்கிரமாதித்தன் கதையை நினைத்துப் பாருங்கள். வேதாளத்தைத் தோளில் சுமந்தபடி மன்னன் நடக்கிறான். வேதாளம் ஒரு கதை சொல்லி, முடிவில் ஒரு கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும், வாய் திறந்தாலோ வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். இந்த அமைப்பில் வேகம் என்று எதுவும் இல்லை. நடந்த வழியிலேயே திரும்பத் திரும்ப நடக்கிறார்கள். ஆனாலும் கேட்பவரால் எழுந்து போக முடிவதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி நம் மடியில் போடப்பட்டுவிடுகிறது.

ஆகவே, முதல் சில பக்கங்களுக்குள் விடை தெரிந்தே ஆக வேண்டும் என்ற கேள்வியை நம் மனத்தில் விதைத்து, அதை இறுதிவரை வாடவிடாமல் காக்கும் புத்தகமே என்னைப் பொறுத்தவரை விறுவிறுப்பான புத்தகம். அந்தக் கேள்வி "கொன்றது யார்" என்பதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஃபிரெடெரிக் ஃபோர்சித் 1971-இல் வெளியிட்ட 'தி டே ஆஃப் த ஜக்கால்' நாவலில், பிரெஞ்சு அதிபர் சார்ல் த கோலைக் கொல்வதற்கு ஒரு கூலிக் கொலையாளி அமர்த்தப்படுகிறான். த கோல் கொல்லப்படவில்லை என்பதும், 1970-இல் அவர் இயற்கையாகவே இறந்தார் என்பதும் படிப்பவர்களுக்குத் தெரியும். முடிவு கையில் இருந்தும் பக்கங்கள் பறக்கின்றன. கொலையாளி போலிக் கடவுச்சீட்டு எப்படிப் பெறுகிறான், துப்பாக்கியை எப்படிச் செய்விக்கிறான், காவல்துறை எந்த இழையைப் பிடித்து அவனை நெருங்குகிறது என்பனவே நம்மை இழுத்துச் செல்கின்றன. "என்ன ஆகும்" என்பதைவிட "எப்படி" என்பது வலுவான கேள்வியாக இருக்க முடியும் என்பதை இந்த நூலில்தான் நான் முதன்முதலாக உணர்ந்தேன்.

படித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எதில் தொடங்குவது?

சிறிய நூலில் தொடங்குங்கள். ஒரு புத்தகத்தை முடித்துவிட்டோம் என்ற நிறைவு அடுத்ததற்குத் துணிவு தரும்.

பூமணியின் 'வெக்கை' (1982) என்னுடைய முதல் பரிந்துரை. பதினைந்து வயதுச் சிறுவன் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்குவதற்காகக் காத்திருக்கிறான். கையை வெட்டுவதுதான் அவன் எண்ணம். வெட்டு வேறுவிதமாக விழுந்து ஆள் இறந்துபோகிறான். இது முதல் பக்கங்களிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதன் பிறகு தந்தையும் மகனும் காடு மேடெல்லாம் ஒளிந்து திரியும் நாட்கள்தான் நாவல். கிடைத்ததைச் சமைத்து உண்கிறார்கள், மரத்தடியில் உறங்குகிறார்கள், பழைய கதைகளைப் பேசிக்கொள்கிறார்கள். துரத்துபவர்கள் கண்ணில் படுவதே அரிது. ஆனாலும் ஒரு சருகு நொறுங்கும் ஓசைக்குக்கூட நம் நெஞ்சு திடுக்கிடுகிறது. கொலை செய்த மகனைத் தந்தை ஒரு சொல்லாலும் கடிந்துகொள்ளாமல், அவனுக்கு வயிறு நிறைந்ததா என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருப்பதைப் படிக்கும்போது, நம்மை இழுப்பது அச்சம் மட்டும் அல்ல என்பது புரியும்.

வேற்றுமொழியிலிருந்து ஒன்று வேண்டுமானால் எர்னெஸ்ட் ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' (1952) பொருத்தமானது. எண்பத்து நான்கு நாட்களாக ஒரு மீனும் அகப்படாத கிழவர், ஒரு படகு, தூண்டிலில் சிக்கிய மிகப் பெரிய மீன்: கதை இவ்வளவுதான். ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

'பொன்னியின் செல்வன்' படிக்க ஆசை. ஆனால் ஐந்து பாகங்களைப் பார்த்தால் அச்சமாக இருக்கிறது.

அந்த ஐந்து பாகங்களும் ஒரே மூச்சில் படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்த கதை அது. ஒவ்வோர் அத்தியாயமும் வாசகரை ஒரு வாரம் காக்கவைக்க வேண்டியிருந்தது. அதனால்தான் ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கதவு பாதி திறந்து நிற்கிறது. நாளொன்றுக்கு மூன்று அத்தியாயங்கள் என்று வைத்துக்கொண்டால் நீளம் ஒரு சுமையாகவே தெரியாது. எங்கள் வீட்டில் இருந்தது, இதழ்களிலிருந்து கிழித்தெடுத்துத் தைத்துப் பைண்டு செய்த பிரதி. நடுவே ஓர் அத்தியாயம் விடுபட்டிருந்ததால், நந்தினியைப் பற்றிய ஒரு செய்தி எனக்கு இரண்டு ஆண்டுகள் தெரியாமலே இருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளும் நான் அதை மறக்கவில்லை.

முதல் அத்தியாயத்தை மட்டும் பொறுமையாகக் கவனியுங்கள். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று, வீரநாராயண ஏரிக்கரையில் ஓர் இளைஞன் குதிரையில் வருகிறான். எழுபத்து நான்கு கணவாய்கள் (நீர் வெளியேறும் மதகுகள்) கொண்ட ஏரி நிரம்பித் ததும்புகிறது. மக்கள் புத்தாடை அணிந்து கூடியிருக்கிறார்கள். பாட்டும் சிரிப்புமாக இருக்கிறது. அந்த மகிழ்ச்சிக்கு நடுவே பனைமரக் கொடி பறக்கும் படகுகள் வருகின்றன, கூட்டம் ஒதுங்குகிறது, குரல்கள் தாழ்கின்றன. யாருடைய படகுகள் அவை, மக்கள் ஏன் அப்படி ஒடுங்கினார்கள் என்று வந்தியத்தேவன் விசாரிக்கும்போதே நாமும் விசாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். ஊருக்குப் புதியவனான ஒருவனைக் கதைக்குள் அனுப்பி, அவன் கண்ணால் சோழ நாட்டின் அரசியல் முழுவதையும் காட்டியது கல்கியின் பெரிய உத்தி. கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் நடக்கும் சதிக் கூட்டத்தை எட்டிய பிறகும் உங்களால் நிறுத்த முடிந்தால், இந்த நூல் உங்களுக்கானது அல்ல என்று தாராளமாக முடிவு செய்துகொள்ளுங்கள்.

கல்கியை முடித்துவிட்டேன். வரலாற்று நாவல்களில் அடுத்து எதைப் படிக்கலாம்?

அரண்மனைச் சதிகளும் வாள்வீச்சும்தான் பிடித்திருந்தன என்றால் சாண்டில்யனின் 'கடல் புறா' இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நான் வற்புறுத்துவது வேறு இரண்டு நூல்களை.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஜப்பானியர் பிடித்துவைத்திருந்த தென்கிழக்கு ஆசியாவில் நிகழ்கிறது. மெடானிலும் பினாங்கிலும் வாழ்ந்த தமிழர்களின் கடைகள், கணக்குப் புத்தகங்கள், இந்திய தேசிய ராணுவத்தின் முகாம்கள், இவற்றுக்கு நடுவே பாண்டியன் என்ற இளைஞன். சாகசக் கதைக்கு வேண்டிய அனைத்தும் இதில் உண்டு. கூடவே, தமிழ் இலக்கியத்தையும் பழம்பெருமையையும் பற்றிய நீண்ட வாக்குவாதங்களும் உண்டு. முதல் ஐம்பது பக்கங்களில் பெயர்களும் இடங்களும் குழப்பும், நிறுத்தாமல் கடந்துவிடுங்கள்.

அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' (1977) இதற்கு நேர்மாறாக, குரலை உயர்த்தாத நாவல். 1947, 1948 ஆண்டுகளில் செகந்திராபாத். நிஜாமின் ஆட்சி ஆட்டம் காண்கிறது. சந்திரசேகரன் என்ற கல்லூரி மாணவனுக்குக் கிரிக்கெட் ஆட வேண்டும், மாடு காணாமல் போனால் தேட வேண்டும். நகரம் கலவரத்தை நோக்கிச் சரிவதை அவனுடைய அன்றாடத்தின் ஓரத்தில்தான் பார்க்கிறோம். வாசகருக்கு ஆபத்து தெரிகிறது, அவனுக்கு முழுதாகத் தெரிவதில்லை. இந்த இடைவெளி தரும் பதற்றம், எந்தப் போர்க்களக் காட்சியிலும் நான் உணராத ஒன்று. இறுதிப் பக்கங்களை நான் நின்றுகொண்டே படித்து முடித்தேன்.

துப்பறியும் கதைகளில் எதைத் தவறவிடக் கூடாது?

அகதா கிறிஸ்டியின் 'அண்ட் தென் தேர் வேர் நன்' (1939). ஒரு தீவு, பத்துப் பேர், வெளியே செல்ல வழியில்லை, ஒவ்வொருவராக இறக்கிறார்கள். இதே அமைப்பில் பின்னர் எத்தனையோ கதைகள் வந்துவிட்டன. ஆயினும் மூலத்தின் துல்லியம் இன்றும் வியப்பளிக்கிறது. அவருடைய 'தி மர்டர் ஆஃப் ராஜர் ஆக்ராய்ட்' (1926) நூலைப் படிப்பதாக இருந்தால் முன்னுரை, பின்னட்டை, விமர்சனம் எதையும் பார்க்காமல் நேராக முதல் அத்தியாயத்துக்குச் செல்லுங்கள்.

தமிழில் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. வழக்கறிஞர்கள் கணேஷும் வசந்தும் ஒரு சொத்து விவகாரமாகச் செல்லும் இடத்தில் நடப்பவை பேயின் வேலையா, அறிவியலால் விளக்கக்கூடியவையா என்ற இழுபறி இறுதிவரை நீள்கிறது. இரவில் தனியாகப் படிக்க வேண்டாம் என்று சிலர் எச்சரிப்பார்கள். இரவில் தனியாகத்தான் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

உளவுக் கதைகளில் ஜான் ல காரேயின் 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்' (1963) ஒன்று போதும். பெர்லின் சுவரருகே, எல்லையைக் கடந்து வர வேண்டிய ஒருவனுக்காகக் காத்திருக்கும் காட்சியில் தொடங்குகிறது. யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்பது கடைசியில்தான் தெளிவாகும்.

கொலையாளி யார் என்று முதலிலேயே தெரிந்துவிடும் கதையும் இந்த வகையில் அடங்கும் என்றால், தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' (1866) அதன் உச்சம். ரஸ்கோல்னிகோவ் கோடரியோடு படியேறுவதை நாம் உடனிருந்து பார்க்கிறோம். அதன் பிறகு விசாரணை அதிகாரி போர்ஃபிரி அவனோடு பேசும் ஒவ்வொரு காட்சியிலும், இவன் எப்போது உடைவான் என்று கைகளைப் பிசைந்துகொண்டிருக்கிறோம். தமிழில் எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பு இருக்கிறது.

திகில் கதை படிக்க விருப்பம், ஆனால் இரத்தமும் வன்முறையும் வேண்டாம். இருக்கிறதா?

நிறையவே இருக்கின்றன. நல்ல திகில் கதைக்கு இரத்தம் தேவையே இல்லை.

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' ஒரு சிறுகதைதான். எழுத்தாளர் ஒருவரின் வீட்டுக்கு வேலைக்காரியாக ஒரு பெண் வந்து சேர்கிறாள். இரவில் எங்கிருந்தோ ஒரு வாடை வருகிறது. என்ன நடந்தது என்று கதை முடிந்த பிறகும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த உறுதியின்மையே அச்சத்தின் ஊற்று.

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) நாட்குறிப்புகளும் கடிதங்களும் செய்தித்தாள் துணுக்குகளுமாக அமைந்த நூல். அதில் இரத்தம் உண்டு என்றாலும், என்னை உறையவைத்தது வேறொரு காட்சி. டிராகுலா பிரபுவின் கோட்டைக்கு விருந்தினராக வந்த ஜானதன் ஹார்க்கர் தன் சிறிய கண்ணாடியை மாட்டிவைத்து முகம் மழித்துக்கொண்டிருக்கிறார். தோள் மீது ஒரு கை படுகிறது. பிரபுவின் குரல் காலை வணக்கம் சொல்கிறது. ஹார்க்கர் திடுக்கிடுகிறார், ஏனென்றால் அறை முழுவதும் கண்ணாடியில் தெரிகிறது, பின்னால் யாரும் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கிறார், பிரபு பக்கத்திலேயே நிற்கிறார். இதை எழுதுபவருக்கே அந்த நாட்குறிப்பின் அடுத்த பக்கம் தெரியாது என்பதுதான் இந்த வடிவத்தின் வலிமை.

அறிவியல் தெரியாதவர்கள் அறிவியல் புனைகதை படிக்க முடியுமா?

முடியும். எச்.ஜி. வெல்ஸின் 'தி டைம் மெஷின்' (1895) சிறியது, எளியது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் கணவனைத் தேடும் நிலாவுக்குத் துணையாக வரும் ஜீனோ என்ற இயந்திர நாய், தமிழ் வாசகர்கள் மறக்காத பாத்திரங்களுள் ஒன்று. ஆண்டி வெயரின் 'தி மார்ஷியன்' நாவலில் செவ்வாய் கிரகத்தில் தனியே விடப்பட்ட ஒருவர், இருக்கும் உணவு எத்தனை நாட்களுக்கு வரும் என்று கணக்குப் போட்டு உருளைக்கிழங்கு பயிரிடுகிறார். கணக்குகளைத் தாண்டிச் சென்றாலும் கதை பிடிபடும்; ஆனால் கணக்குத் தவறினால் உயிர் போகும் என்பதால் நீங்களாகவே அவற்றைக் கவனிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

காதல் கதையோ குடும்பக் கதையோ விறுவிறுப்பாக இருக்க முடியுமா?

இந்தக் கேள்வி எனக்குச் சற்று வருத்தம் தருகிறது. கத்தி, துப்பாக்கி இருந்தால்தான் பரபரப்பு என்று எப்படியோ பழகிவிட்டோம். வீட்டுக் கூடத்தில் இருவர் பேசாமல் உட்கார்ந்திருப்பதைவிடப் பதற்றமான காட்சி வேறு உண்டா?

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' (1966) நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். வேதபாடசாலையில் பல ஆண்டுகள் படித்துவிட்டு வீடு திரும்பும் அப்பு, தன் தாய் அலங்காரத்தைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்கிறான். யாரும் அவனிடம் நேராகச் சொல்வதில்லை. தந்தைக்குத் தெரியும், வீட்டில் அனைவருக்கும் தெரியும். சோறு பரிமாறப்படுகிறது, ஊர்க்கதை பேசப்படுகிறது, அந்த ஒன்று மட்டும் பேசப்படுவதில்லை. இனி இவன் தாயின் முகத்தை எப்படிப் பார்ப்பான் என்ற கேள்வி, எந்தக் கொலை மர்மத்துக்கும் குறைந்தது அல்ல. அதே ஆசிரியரின் 'மோகமுள்' நீளமானது, மெதுவாகத் திறப்பது. யமுனாவின் மேல் பாபு கொண்ட ஈடுபாடு என்ன ஆகும் என்பதற்காகவே அறுநூறு பக்கங்களுக்கு மேல் செல்லத் தயங்காதவர்களுக்கு உரியது.

இமையத்தின் 'செல்லாத பணம்' மிகவும் கனமானது. தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடக்கும் ரேவதி பிழைப்பாளா என்று குடும்பம் வெளியே காத்திருக்கிறது. பெரும்பகுதிக் கதை அந்தக் காத்திருப்புதான். 2020-க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அண்மையில் துயரத்தைச் சந்தித்தவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. மற்றவர்கள் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள்.

கற்பனைக் கதைகள் பிடிக்காது. உண்மைச் சம்பவங்களில் இப்படிப்பட்ட நூல்கள் உண்டா?

உண்டு. என் அலமாரியில் நான் மிகுதியாகப் பிறருக்குக் கொடுத்தனுப்பும் நூல் இந்த வகையைச் சேர்ந்ததுதான்: ஆல்ஃபிரெட் லான்சிங் 1959-இல் எழுதிய 'என்டியூரன்ஸ்'. அன்டார்க்டிக்கைக் குறுக்கே கடக்கச் சென்ற ஷாக்கில்டனின் கப்பல் 1915 ஜனவரியில் பனிக்கட்டிகளுக்கு நடுவே சிக்கிக்கொள்கிறது. மாதக்கணக்கில் நெருக்கிய பனி, இறுதியில் கப்பலை நசுக்குகிறது. இருபத்தெட்டு ஆண்கள் மிதக்கும் பனிப்பாளத்தின் மேல் கூடாரமிட்டு வாழ்கிறார்கள். பின்னர் சிறு படகுகளில் எலிஃபன்ட் தீவை அடைகிறார்கள். அங்கே இருபத்திரண்டு பேரை விட்டுவிட்டு, ஆறு பேர் ஏழு மீட்டர்கூட இல்லாத படகில் உலகின் மிகக் கொடிய கடலில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் சென்று உதவி கொண்டுவருகிறார்கள். இருபத்தெட்டு பேரும் உயிரோடு மீண்டார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும், அந்தப் படகில் உறைந்த பனியை அவர்கள் முறைவைத்து வெட்டியெறியும் பக்கங்களில் என் விரல்கள் தாமாகவே இறுகிக்கொண்டன. லான்சிங் உயிரோடிருந்தவர்களைச் சந்தித்துப் பேசியும், அவர்களின் நாட்குறிப்புகளைப் படித்தும் எழுதியதால், எந்த வரியும் அளந்து வைத்ததைப்போல் இருக்கிறது. கடலடியில் 3,008 மீட்டர் ஆழத்தில் அந்தக் கப்பல் 2022-இல் கண்டுபிடிக்கப்பட்டபோது, நெடுநாள் காணாத உறவினரைப் பற்றிய செய்தியைப்போல் அதை நான் படித்தேன்.

ஜான் ஹெர்சியின் 'ஹிரோஷிமா' (1946) அணுகுண்டு விழுந்த நகரில் பிழைத்த ஆறு பேரைப் பின்தொடர்கிறது. 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு ஒவ்வொருவரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று தொடங்குகிறது. அலுவலக எழுத்தர் ஒருத்தி பக்கத்து மேசைப் பெண்ணோடு பேசத் தலையைத் திருப்புகிறாள். ஆசிரியர் கண்ணீர் சிந்துவதில்லை, கோபப்படுவதில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறார். அந்த அடக்கமே நம்மை நிறுத்தவிடாமல் படிக்கவைக்கிறது.

ஜிம் கார்பெட்டின் குமாயுன் வேட்டை அனுபவங்களும் (1944) சிறையிலிருந்து தப்பிய கதையைச் சொல்லும் ஆங்ரி ஷாரியேரின் 'பட்டாம்பூச்சி'யும் இந்த வரிசையில் சேரும். முன்னதில், 436 பேரைக் கொன்றதாகக் கார்பெட் குறிப்பிடும் சம்பாவத் பெண்புலியின் கதை முதலாவதாக வருகிறது. அதைப் படித்தவர் மற்றவற்றை விட்டுவைக்க மாட்டார். பின்னது ரா.கி. ரங்கராஜனின் மொழிபெயர்ப்பில் தமிழில் தொடராக வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆசிரியர் தமக்கு நேர்ந்தவையாகச் சொல்வன அனைத்தும் அவருக்கே நேர்ந்தவை அல்ல என்று பின்னர் ஆய்ந்தவர்கள் கருதினார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது.

தன்வரலாறுகள் சலிப்பூட்டுகின்றனவே?

பல நூல்கள் சலிப்பூட்டுகின்றன என்பது உண்மைதான். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' அப்படிப்பட்டது அல்ல. அதை நான் ஒரு துப்பறியும் நூலாகவே படித்தேன்.

1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சாமிநாதையர் காணச் செல்லும் இடத்தில் தொடங்கிப் பாருங்கள். கல்லூரித் தமிழாசிரியரான இவர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர் என்பதைச் சொன்னால் எதிரிலிருப்பவர் மகிழ்ந்துபோவார் என்று எதிர்பார்க்கிறார். முதலியாரின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். இவர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று அடுக்குகிறார். அவற்றால் என்ன பயன் என்பது மறுமொழி. இன்னும் பெரிய நூல்களின் பெயர்களைச் சொல்கிறார். அதற்கும் அதே மறுமொழி. பிறகு அவர், சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்கிறார். சாமிநாதையர் அவற்றைக் கண்ணாலும் கண்டதில்லை.

அந்தச் சந்திப்பில் சுருக்கென்று தைத்த முள்தான் மீதி வாழ்க்கையை நடத்துகிறது. ஏடுகள் எங்கே இருக்கின்றன, யார் வீட்டுப் பரணில் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன, எதில் எந்தப் பக்கம் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தேடிச் செல்கிறார். பொருள் புரியாத சொல்லுக்காகச் சமணர் வீடுகளின் திண்ணையில் காத்திருக்கிறார். சிந்தாமணிப் பதிப்பு 1887-இல் வெளிவரும் அத்தியாயத்தை எட்டும்போது, ஒரு பெரும் வழக்கின் தீர்ப்பைக் கேட்கும் நிலையில் நாம் இருப்போம். 1942-இல் ஆசிரியர் மறைந்ததால் நூல் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. குழந்தைப் பருவத்து அத்தியாயங்கள் உங்களுக்கு மெதுவாகத் தோன்றினால், முதலியாரைச் சந்திக்கும் பகுதியை முதலில் படித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

பழைய இலக்கியத்தில் விறுவிறுப்பு இருக்கிறதா, அல்லது மரியாதைக்காகச் சொல்கிறார்களா?

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். ஒற்றைச் சிலம்பை ஏந்தி ஒரு பெண் அரசவைக்கு வருகிறாள். கள்வனைக் கொல்வது அரச நீதி என்கிறான் மன்னன். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் அவள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் அவன். சிலம்பு கொண்டுவரப்படுகிறது, அவள் அதை உடைக்கிறாள், மாணிக்கம் மன்னனின் முகத்தருகே தெறிக்கிறது. குற்றச்சாட்டு, வாக்குமூலம், சான்று, தீர்ப்பு அனைத்தும் ஒரு சில பக்கங்களுக்குள் முடிந்துவிடுகின்றன. எளிய உரையோடு கூடிய பதிப்பை வைத்துக்கொண்டு, மதுரைக் காண்டத்திலிருந்து தொடங்கினாலும் தவறில்லை.

மொழிபெயர்ப்பு நூல்கள் கரடுமுரடாக இருக்கின்றன. எப்படித் தேர்ந்தெடுப்பது?

நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, உரையாடல் உள்ள பகுதியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மனிதர்கள் பேசுவதுபோல் காதில் விழுந்தால் வாங்கலாம். ஒரு வாக்கியத்தை இரண்டாம் முறை படித்த பிறகுதான் பொருள் தெரிகிறது என்றால், கதை எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும் பயனில்லை. மலையாளத்திலிருந்து சுந்தர ராமசாமி மொழிபெயர்த்த தகழியின் 'செம்மீன்', நல்ல மொழிபெயர்ப்பு எப்படி இருக்கும் என்பதற்கு நான் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு. கருத்தம்மாவும் பரீக்குட்டியும் பேசிக்கொள்ளும் இடங்களில் இது வேறொரு மொழியில் எழுதப்பட்டது என்ற நினைவே எழுவதில்லை.

பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் நிறுத்தலாமா?

நிறுத்தலாம். ஐம்பது பக்கங்கள் வரை வாய்ப்பளியுங்கள். அதற்குள் ஒரு கேள்வியும் உங்களைத் தொடவில்லை என்றால் மூடிவிடுங்கள். ஆனால் யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். இருபது வயதில் நான் மூடிவைத்த 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாற்பதில் என்னை எழுந்து நிற்கவைத்தது.

திரைப்படமாகப் பார்த்துவிட்டேன். இனிப் புத்தகம் படிப்பதால் பயன் உண்டா?

'வெக்கை'யைத் தழுவி 2019-இல் 'அசுரன்' வந்தது. படம் சண்டைகளின் வழியே நகர்கிறது. நாவலில் அந்த இடத்தில் தந்தையும் மகனும் பேசிக்கொள்ளும் பேச்சு இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு அனுபவங்கள். தயங்காமல் படியுங்கள்.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு எதைக் கொடுக்கலாம்?

விக்கிரமாதித்தன் கதைகளை நீங்களே வாசித்துக் காட்டி, வேதாளம் கேள்வி கேட்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, விடையைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். மறுநாள் அவர்களே புத்தகத்தோடு வந்து நிற்பார்கள். தாமாகப் படிக்கத் தொடங்கியவர்களுக்கு ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் 'டிரெஷர் ஐலண்ட்' (1883) ஏற்றது. சிறுவன் ஜிம் ஆப்பிள் பீப்பாய்க்குள் இருந்தபடி கடற்கொள்ளையரின் திட்டத்தை ஒட்டுக்கேட்கும் அத்தியாயத்தில் எந்தப் பிள்ளையும் மூச்சை அடக்கிக்கொள்ளும். துப்பறியும் கதை கேட்டால் ஷெர்லாக் ஹோம்ஸின் சிறுகதைகள்; நாவல்கள் பிறகு வரட்டும்.

நண்பருக்குப் பரிசளிக்க வேண்டும். அவருடைய ரசனை தெரியாது. எதை வாங்குவது?

அவர் கடைசியாக உறக்கத்தைத் தள்ளிப்போட்டது எதற்காக என்று கேளுங்கள். புத்தகமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு விளையாட்டுப் போட்டியாகவோ, குடும்பத்தில் நடந்த ஒரு வழக்கின் கதையாகவோ, ஒரு பயணமாகவோ இருக்கலாம். போட்டியின் கடைசி நிமிடங்களைப் பற்றிப் பேசுபவருக்கு 'தி டே ஆஃப் த ஜக்கால்'. உறவினர்களுக்குள் நடந்ததை விடியும்வரை பேசுபவருக்கு 'அம்மா வந்தாள்'. மலையேறிய கதை சொல்பவருக்கு 'என்டியூரன்ஸ்'. ஒன்றும் சொல்லாமல் சிரிப்பவராக இருந்தால் 'வெக்கை'யைக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து, சிதம்பரத்தின் தந்தையைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று மட்டும் கேளுங்கள்.